போசியைச் சாய்க்காமப் புடிங்க

தம்பி, சித்தெ இந்தத் தூக்குப்போசிய உங்க மடியில வெச்சுக்கறீங்களா? கம்பியப் புடிக்கறதா, போசியப் புடிக்கறதான்னு தெரியலீங்க எனக்கு. சாய்க்காமப் புடிங்க, உள்ள கஞ்சிங்க. மூடி கொஞ்சம் லூசு. பேண்டுல பட்டுதுன்னா அப்பறம் என்னயத் திட்டுவீங்க.

எதுவரைக்குங்க? கோயமுத்தூரா. நான் ஈரோட்டுல எறங்கிக்குவேன். ஆஸ்பத்திரிக்குங்க. எங்கூட்டுக்காரி அங்க படுத்திருக்கறா. பூவாத்தாள்னு பேரு. கையில காயம். காயம்னா என்ன, ஒரு கம்பி குத்துனதுங்க. கம்பி குத்துனதுக்கு ஒருத்தி ஆஸ்பத்திரில படுத்திருக்கறான்னா யாராச்சும் நம்புவாங்களா? அந்தக் கைய எடுக்கறதா வேண்டாமான்னு பேசோணும், இன்னைக்குக் கட்டாயம் வாங்கன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. கேட்டீங்களா? கம்பி குத்துனதுக்குக் கைய எடுக்கறதாமா.

எனக்கு வர்ற கோவத்துக்கு இந்தப் பஸ்ஸ நானே ஓட்டிட்டுப் போயிருவேன். இவன் என்னடான்னா ஊரூரா நிறுத்தி ஆள ஏத்தறான்.

நமக்கு வேலகவுண்டம்பட்டிப் பக்கந்தான். முட்டைக்கோழிப் பண்ணைங்க. பெருசெல்லாம் இல்லை, ரெண்டு ஷெட்டு. எச்சா வருமானம் எருவுலதான். கூண்டுக்குக் கீழ விழுகறத அள்ளித் தோப்புல அம்பாரம் போட்டு, மக்க வெச்சு, மூட்டை புடிச்சு வெச்சிருவோம். தக்காளிக்காரங்க, மஞ்சக்காட்டுக்காரங்க எல்லாம் வந்து எடுத்துக்குவாங்க. நான் பாக்கறது கோழி. அவ பாக்கறது முட்டை.

முட்டையப் பத்தி நான் சொல்லியே ஆகோணுங்க. ரெண்டு முட்டைய ஒரே கையில எடுத்து ஒண்ணோட ஒண்ணு லேசாத் தட்டுவா. டொக்குன்னு கேட்டா நல்லது. சத்தம் கொஞ்சம் மொக்கையாக் கேட்டா கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குதுன்னு தனியா வெச்சிருவா. பேசிக்கிட்டே தட்டுவா. டிவி பாத்துக்கிட்டே தட்டுவா. நானும் தட்டிப் பாத்திருக்கறேன், எனக்கு எல்லா முட்டையும் ஒரே சத்தந்தான், இல்லைன்னா ஒடைஞ்சே போயிரும். அந்தக் கையத்தானுங்க எடுக்கோணுங்கறாங்க. வலது கை.

இதுக்கெல்லாம் யாரு காரணம்னு கேளுங்க. ஒரு பொண்ணு. நாகர்கோயில் பக்கம், ஜெபமலருன்னு பேரு. மாட்டு டாக்டருக்குப் படிச்சுட்டு அதுக்கு மேல ஏதோ ஆராய்ச்சி பண்ணுது. பண்ணை பண்ணையாப் போயி எருவ எடுத்துச் சோதிக்கறதுதான் வேலையாமா. எங்க ஊருல அது பாட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, உங்க எருவ கொஞ்சம் பாக்கலாமா"ன்னு கேட்டுச்சு. அண்ணாச்சியாமா. மளிகைக்கடை வெச்சிருக்கறவன்னு நெனச்சுட்டுதாட்ட இருக்குது. சரி, வயசுப்பொண்ணு வெயில்ல வந்திருக்குதேன்னு மோரு குடுக்கச் சொன்னேன். அங்க வெச்சேன் பாருங்க தப்ப. மோரு குடுத்த எங்கூட்டுக்காரி அதோட ஒட்டிக்கிட்டா.

ஒரு நீளக் கம்பி வெச்சிருந்துதுங்க. நுனியில சூடு காட்டற மீட்டரு. அத அம்பாரத்துல சொருகிச் சொருகிப் பாத்துச்சு. "நடுவுல நல்லாக் கொதிக்குது அண்ணாச்சி. ஓரமும் மேலயும் ஆறிக் கெடக்குது. வெளிய இருக்கறத உள்ள தள்ளி, உள்ள இருக்கறத வெளிய இழுத்துப் பொரட்டிப் பொரட்டி விடணும். எல்லா எடமும் ஒரு தடவை கொதிச்சாத்தான் கிருமி சாகும்." நான் சிரிச்சுட்டேன். எரு என்னங்க பணியாரமா, திருப்பித் திருப்பிப் போடறதுக்கு?

சிரிச்சதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். துளியூண்டு டப்பாவுல எருவ எடுத்துட்டுப் போயி, அடுத்த தடவை வரும்போது போன்ல ஒரு போட்டாக் காட்டுச்சு. கண்ணாடி வட்டலுங்க, நம்ம ஊறுகா வட்டலாட்ட. அதுல வெள்ளை வெள்ளையா வட்டமாப் பொட்டு வெச்சிருக்குது. ஒவ்வொரு பொட்டும் ஒரு மருந்தாமா. கிருமிக்கு மருந்துன்னாப் பயம் இருந்தா பொட்டச் சுத்தி வளராமத் தள்ளி நிக்கோணும். என்ற எருவுல இருந்த கிருமி பொட்டு வரைக்கும் வந்து ஒட்டிக்கிட்டு நிக்குது. "பாத்தீங்களா, நீங்க கோழிக்குத் தண்ணியில கலக்கற மருந்து எல்லாம் இதுக்குப் பழகிப்போச்சு. சீக்கு இல்லாதப்பவும் குடுக்கறீங்க. சாகாமத் தப்பிச்ச கிருமிதான் எருவுல வருது. எருவுல இருந்து காட்டுக்குப் போகுது, உங்க கைக்கு வருது. நாளைக்கு ஒரு மனுசனுக்குள்ள போச்சுன்னா மனுச மருந்தும் கேக்காது"ன்னுச்சு.

நான் கேட்டேன், ஏம்மா, சீக்கு வந்த பொறவு மருந்து குடுக்கறவன் பண்ணை நடத்த முடியுமா? ஒரு கோழி தலையத் தொங்கப்போட்டா மறுநாளு அந்த வரிசையே தொங்கப்போடும். சீக்கு வராம இருக்கறதுக்குத்தான மருந்து? பதில் என்னமோ சொல்லுச்சு, ஷெட்டக் கழுவறது, தண்ணித் தொட்டியக் கழுவறது, தடுப்பூசின்னு. அதெல்லாம் ஒரு பதிலா?

அட, திருச்செங்கோடு வந்துருச்சு. இவரு எந்திரிக்கறாரு. நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். போசி உங்ககிட்டயே இருக்கட்டுங்க, கை மாத்துனாக் கொட்டிப்போகும். மலை தெரியுது பாருங்க, கும்புட்டுக்கங்க.

எங்க விட்டேன்? ஆங், கிருமி. நானும் ரோசனை பண்ணுனேங்க. ஒரேயடியா முட்டாள்னு நெனச்சுராதீங்க. எருவுல கிருமி இருக்குதுங்கறாங்க. சரி. கிருமிக்கு என்ன பண்ணோணும்? மருந்து போடோணும். பொரட்டிக்கிட்டு இருக்கறது ஆளுக்கு வேலை. நம்மகிட்டத்தான் கோழி மருந்து இருக்குதே, மஞ்சப் பவுடரு, தேதி தாண்டுனது கொஞ்சம், தாண்டாதது கொஞ்சம். எல்லாத்தையும் ட்ரம்முல கலக்கி, மருந்தடிக்கற மெசின முதுகுல மாட்டிக்கிட்டு, அம்பாரம் பூராவும் நனைய நனைய அடிச்சு விட்டேன். இந்த ரோசனை எவனுக்காச்சும் வருமா? நாமக்கல் ஜில்லாவுலயே நான்தான் மொதலா இருப்பேன்.

அந்தப் பொண்ணு அடுத்தவாட்டி வந்து கம்பியச் சொருகிப் பாக்குது, அம்பாரம் ஜில்லுன்னு கெடக்குது. காலங்காத்தால ஆவி பறக்குமுங்க அதுல, அன்னைக்கு ஒண்ணுமே இல்லை. என்ன பண்ணுனீங்கன்னு கேட்டுச்சு. பெருமையாச் சொன்னேன். அப்படியே வரப்பு மேல உக்காந்துருச்சு தம்பி. "அண்ணாச்சி, அந்தச் சூட்ட உண்டாக்கறதே நல்ல கிருமிதான். அதப் பூராவும் கொன்னுட்டீங்க. எந்தக் கிருமி இந்த மருந்துக்குச் சாகாதுன்னு சொன்னேனோ அது மட்டும் மிச்சம் இருக்குது"ங்குது. கண்ணுல தண்ணி வேற.

எனக்கு வந்துது பாருங்க கோவம். கிருமி இருக்குதுன்னு சொன்னது யாரு? நீதான. கொல்லோணும்னு சொன்னது யாரு? நீதான. இப்ப ஏன் கொன்னீங்கன்னு கேட்டா நான் என்ன பண்ணட்டும்? நல்ல கிருமி கெட்ட கிருமின்னு நெத்தியில எழுதியா வெச்சிருக்குது? ஒரு சொல்லுல நிக்கோணும் இல்லீங்களா படிச்சவங்க. இனிமே நம்ம தோப்புப் பக்கம் வராதீங்க அம்மிணின்னு சொல்லித் தாட்டி விட்டுட்டேன்.

போனது சும்மா போகலை. எங்கூட்டுக்காரிய ஓரமாக் கூப்புட்டு, மாட்டுச் சாணியும் தென்னமட்டைத் தூளும் கலந்து, தண்ணி அளவாத் தெளிச்சுப் பொரட்டுனா மறுபடி சூடு ஏறும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு. வெறுங்கையோட எருவத் தொடாதீங்கக்கான்னு சொல்லி முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கையுறை ஒரு ஜோடி குடுத்துச்சு. நல்ல ரப்பருங்க அது. எனக்குப் பம்புசெட்டு ஸ்டார்டர்ல கைய வெச்சாலே சுருக்குங்கும், அதுக்குத் தோதா இருக்கும்னு நான் எடுத்து மோட்டார் ரூமுல வெச்சுக்கிட்டேன். அவ பழையபடி வெறுங்கையிலதான் வேலை பாத்தா.

நானில்லாத நேரம் பாத்து அந்த அம்பாரத்தப் பொரட்டியிருக்கறா. மம்பட்டியில ஒரு ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு. நான் வேண்டாம்னு சொன்ன வேலைய என்ற பொண்டாட்டியே பண்ணுனா எனக்கு எப்படி இருக்கும்? ஏண்டின்னு கேட்டா, "அந்தப் புள்ள அழுதுதுங்க, பொய்யா அழுகும்?"ங்கறா. அதுல பாருங்க, பழைய கூண்டுக் கம்பி ஒண்ணு எருவோட கெடந்திருக்குது. எருவுல சிக்கியிருந்த தென்னமட்டைய உருவும்போது கையில குத்திருச்சு. உள்ளங்கையில, பெருவெரலுக்குக் கீழ.

நான் ஒண்ணும் சும்மா இருக்கலீங்க. ஒடனே தண்ணியில கழுவி விட்டு, அந்த மஞ்சப் பவுடர அமுக்கி வெச்சுக் கட்டிவிட்டேன். எங்கூட்டுல காயம்னா அதான். எனக்கு, மாட்டுக்கு, நாய்க்கு, எல்லாத்துக்கும். மேல காஞ்சுருச்சு. பாத்தியா, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ஊசி அது இதுன்னு இழுத்திருப்பாங்கன்னு சொன்னேன். அவளும் முட்டை தட்ட ஆரம்பிச்சுட்டா. அப்பறம் பாத்தா உள்ளயிருந்து வீங்குது. மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கியாந்தேன். வலி கொறஞ்சுது, நிறுத்தச் சொல்லிட்டேன். மறுபடி வீங்குது. வேற மாத்திரை. அதுவும் கொறஞ்சுது, நிறுத்தினோம். அப்பறம் ஒருநா குளுரு வந்து ஒதறுதுங்க அவளுக்கு, கட்டிலே ஆடுது. அன்னைக்குத்தான் பயந்துட்டேன். பொய் சொல்லலை, அழுதுட்டேன். காரு புடிச்சு ஈரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடுனேன்.

அங்க போனா அவங்க தொல்லை ஒரு பக்கம். கையக் கீறிச் சீழ எடுத்தாங்க, அதச் சோதிக்கோணும்னாங்க. அப்பறம் டாக்டரு என்னயக் கூப்புட்டுப் போன்ல ஒரு போட்டாக் காட்டறாரு. என்னன்னு நெனைக்கறீங்க? அதே வட்டலு. அதே வெள்ளைப் பொட்டு. பொட்டு வரைக்கும் வந்து ஒட்டிக்கிட்டு நிக்கற கிருமி. அச்சு அசலா அந்தப் பொண்ணு காட்டுன படமேதான். எனக்கு ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அப்பறம் யோசிச்சா, ஆஸ்பத்திரிக்காரங்களும் அந்தப் பொண்ணும் ஒரே கடையில வட்டலு வாங்குவாங்களாட்ட இருக்குது. எல்லாத்துக்கும் ஒரே படத்தக் காட்டிப் பொழைக்கறாங்க போங்க.

என்னங்க தம்பி, மேலுக்கு முடியலையா? மொகம் ஒரு மாதிரி இருக்குதே. ஜன்னலத் தொறந்து விடட்டுங்களா?

ஒரே ஒரு பொட்டுக்கு மட்டும் அந்தக் கிருமி கொஞ்சம் தள்ளி நிக்குதாமா. அந்த மருந்தத்தான் ஊசியா ஏத்திட்டு இருக்கறாங்க. நேத்து சுரம் கொறஞ்சிருக்குது. கையில செவப்பும் கொஞ்சம் கீழ எறங்கியிருக்குது. அதுக்குச் சந்தோசப்படாம, டாக்டரு என்ன சொல்றாருன்னா, கிட்னி கெட்டுட்டே போகுதுங்கறாரு. "இந்த ஊசி கிட்னிக்குப் பாரந்தான், ஆனா இவ்வளவு வேகமாக் கெடக் கூடாது. எதனாலன்னு எங்களுக்குப் புரியலை. இப்படியே போனா ஊசிய நிறுத்தியாகணும். நிறுத்தினா, கைய மணிக்கட்டோட எடுத்தாத்தான் ஆளக் காப்பாத்த முடியும். வீட்டுல இருந்து ஏதாவது மருந்து குடுக்கறீங்களா? நாட்டு மருந்து, கடை மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்"ன்னு நாலு தடவை கேட்டாரு. நர்சம்மா வேற தனியாக் கேட்டுச்சு. இல்லீங்க சார், கஞ்சி மட்டுந்தான்னு சொன்னேன். நம்ம மேல பழியப் போடறதுக்கு வழி தேடறாங்க, தெரியாதா எனக்கு.

அவ வேற முந்தாநேத்து சொல்றா, "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போட்டு இப்படி ஆயிருச்சுன்னு சொல்லுங்க. அதுக்குத் தெரியும்." எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆஸ்பத்திரின்னும் பாக்காமச் சத்தம் போட்டுட்டேன். முப்பது வருசமாக் கோழி வளக்கறவன் நானு, அதுக்குத் தெரியுமாமா. அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கட்டுப் போட்ட கைய நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு. மணிக்கட்டு வரைக்கும் வீங்கிப் போயி, வளையல அறுத்து எடுத்திருக்கறாங்க. பாக்கச் சகிக்கலீங்க. வெளிய வந்து டீக்கடையோரமா நின்னுட்டு இருந்தேன்.

கஞ்சியையும் சரியாக் குடிக்கறதில்லை. கசக்குதுங்கறா. காச்சக்கார வாய்க்கு எல்லாந்தான் கசக்கும். இன்னைக்கு நாட்டுச்சக்கரை எச்சாப் போட்டுக் கொண்டாந்திருக்கறேன்.

பாலம் வந்துருச்சுங்க. காவேரியில தண்ணி போகுது பாருங்க. இனி சித்தெ நேரந்தான்.

உங்களப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியறீங்க. இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டுட்டு வந்தீங்க, எம்பட ஊட்டு ஆளுக கூட இப்படிக் கேக்க மாட்டாங்க. அதனால உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நேத்து சுரம் கொறஞ்சுது பாருங்க, அது அவங்க ஊசியில இல்லை. அவங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரில சேத்த நாள்ல இருந்தே நான் அந்த மஞ்சப் பவுடரக் கஞ்சியில கலந்துதான் கொண்டு போறேன். ஒரு ஸ்பூனு. நேத்துல இருந்து கொஞ்சம் கூட. ஷெட்டுல அத்தனை கோழியையும் காப்பாத்துன மருந்து, எம்பொண்டாட்டியக் காப்பாத்தாதா? டாக்டருகிட்டச் சொன்னா கோழி மருந்தான்னு சிரிப்பாங்க. கை பொழைச்ச பொறவு நானே போயி அவரு மேசை மேல அந்த டப்பாவ வெச்சுச் சொல்லப்போறேன். அதுக்கப்பறம் அந்தப் பொண்ணுக்கும் போன் போடுவேன்.

சரிங்க, அடுத்த ஸ்டாப்பு நம்முளுதுதான். போசியக் குடுங்க.

தம்பி, போசியக் குடுங்க. ஏனுங்க ரெண்டு கையிலயும் இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கறீங்க? சூடெல்லாம் ஆறிப்போச்சு, சுடாது. என்னது? எந்த வார்டா? எதுக்குங்க உங்களுக்கு? டாக்டரு பேரு எனக்கெங்க வாயில வருது, கண்ணாடி போட்டுட்டு ஒசரமா இருப்பாரு.

அட, நீங்க எங்க எந்திரிக்கறீங்க? கோயமுத்தூர்னு தான டிக்கெட்டு எடுத்தீங்க? கண்டக்டரு பாக்கறாரு பாருங்க.

ஆஸ்பத்திரிக்கா? என்ற கூடவா? எதுக்குங்க உங்களுக்குச் சிரமம். சரி, வாங்க. உண்மையச் சொல்றேன், அந்த டாக்டரு முன்னாடி தனியாப் போயி நிக்கறதுக்குப் பயமா இருக்குது எனக்கு. கூட ஒருத்தரு இருந்தாத் தேவலை. வாங்க, பாத்துப் படி எறங்குங்க. போசிய நீங்களே கொண்டு வாரீங்களா? சரிங்க. சாய்க்காம மட்டும் புடிங்க, ஒரு சொட்டுக் கூடக் கொட்டக் கூடாது. அவளுக்குன்னு வெச்சது.